திரையில் அரசியர்: அல்லி கதையும் சிவகங்கை வரலாறும்

தோற்றுவாய்

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் தேவாரப் பாடல் பெற்ற பழம்பதி. மருது உடன்பிறந்தார் இருவரும் 1801ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 24ஆம் நாள் தூக்கிலிடப்பட்ட ஊரும் இதுவே. இதனை அடுத்த சிறுகூடல்பட்டியில் 1927இல் பிறந்தவர் கவிஞர் கண்ணதாசன். அவர் 1959இல் மருதிருவர் வரலாற்றைச் ‘சிவகங்கைச் சீமை’ என்னும் திரைப்படமாக எடுத்து வெளியிட்டார். வரலாறு நிகழ்ந்த மண்ணிற் பிறந்தவரே அவ்வரலாற்றைத் திரைக்கு ஏற்றினார் என்பது மகிழ்தற்குரியது.

ஆயினும் இச்சீமையின் வரலாற்றை நிரல்படப் பயில்வார்க்கு ஓர் ஐயம் எழும். மருதிருவர் உயிர் துறத்தற்கு 21 ஆண்டுகள் முன்னரே, இழந்த சிவகங்கையை மீட்டு அரசு நடத்தியவர் வேலுநாச்சியார். செட்டிநாட்டுத் தனவணிகர் பேசும்படத் தொழிலில் முதன்முதல் பொருள் இட்டபோது தேர்ந்துகொண்ட கதைகளிலும் ஓர் அரசி உண்டு. ஆனால் அவ்வரசி தம் நாட்டு நாச்சியார் அல்லர். மதுரையை ஆண்டதாகக் கதை கூறும் அல்லி. கைக்கெட்டும் தொலைவில் நிகழ்ந்த வரலாறு இருக்க, பாரதத்தின் கிளைக்கதை ஒன்று ஏன் முந்திக்கொண்டது? இவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அல்லி கதையின் வேர்கள்

அல்லி கதை வியாச பாரதத்தில் இல்லை. வில்லிபுத்தூரார் பாரதத்திலும் இல்லை. அருச்சுனன் தீர்த்த யாத்திரையில் சித்திராங்கதை என்பாளை மணந்தான் என்பதே முதனூற் செய்தி. வில்லிபுத்தூரார் அவளைப் பாண்டியன் மகளாக வைத்துப் பாடினார். பாண்டியர் குலப் பெண்ணொருத்தியை அருச்சுனன் மணந்த இச்செய்தியே நாட்டார் வழக்கில் விரிந்து அல்லி கதையாயிற்று எனக் கொள்ளலாம். ஆயின் சித்திராங்கதை அரசன் மகள், அல்லியோ அரசி. இவ்வேறுபாடு சிறிதன்று.

பெண் ஆட்சி பற்றிய நினைவு பாண்டிநாட்டிற்குப் புதியதன்று. சந்திரகுப்த மோரியன் காலத்தில் இந்தியா போந்த மெகசுதனிசு, எராக்கிளிசு என்பானின் மகள் பாண்டையா தென்னாட்டை ஆண்டதாக எழுதினார் என்பதை அரியன் முதலாய பிற்கால ஆசிரியர்தம் நூல்களான் அறிகின்றோம். பெண்களால் ஆளப்படும் பாண்டி மக்கள் எனப் பிளினியும் குறித்துள்ளார். திருவிளையாடற் புராணம் தடாதகைப் பிராட்டியார் முடிசூடி எண்டிசையும் வென்ற வரலாற்றைப் பேசுகின்றது. இவற்றை ஒன்றற்கொன்று நேர்ச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. அயல்நாட்டார் குறிப்பு வேறு, புராணம் வேறு, நாட்டார் கதை வேறு. எனினும் பாண்டிநாட்டை ஒரு பெண் ஆண்டாள் என்னும் நினைவு மூன்று வழியாலும் வந்துள்ளமை கருதத்தக்கது.

இம்மரபின் நாட்டார் வடிவமே ‘அல்லியரசாணி மாலை’. புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கினும், நளவெண்பாப் பாடிய புகழேந்தியின் நூலன்று என்பதே அறிஞர் பலர்தம் துணிபு. இதன்கண் அல்லி மதுரையைக் கவர்ந்திருந்த நீன்முகனை வென்று அரசு கொள்கின்றாள். அவள் அமைச்சரும் படையினரும் பெண்களே. ஆண்மக்களை அவள் ஏறிட்டும் பாராள். அவளைப் போரில் வெல்லலாகாமை உணர்ந்த அருச்சுனன் கண்ணன் துணையை நாடுகின்றான். கண்ணன் பாம்பாட்டியாகவும் அருச்சுனன் பாம்பாகவும் வடிவு கொண்டு அரண்மனை புகுகின்றனர். அல்லி துயிலும்போது அருச்சுனன் அவள் கழுத்தில் தாலி கட்டிவிடுகின்றான்.

ஈண்டு ஒன்று நோக்குக. தடாதகைப் பிராட்டியார் கயிலையில் இறைவனைக் கண்ட அளவில் நாணமுற்று நின்றார் எனப் புராணம் கூறும். ஆண்டு வஞ்சனை இல்லை. அல்லி கதையிலோ மணம் களவாக நிகழ்கின்றது. அதுவும் அகப்பொருள் கூறும் களவன்று. தலைவி உள்ளம் ஒவ்வாத வழி அதனைக் களவு என்னும் பெயரால் வழங்குதல் தமிழ் மரபிற்கு இழுக்காம்.

ஏட்டிலிருந்து திரைக்கு

அல்லியரசாணி மாலையும் அதனோடு தொடர்புடைய பவளக்கொடி மாலை, புலந்திரன் களவு மாலை முதலியனவும் பெரிய எழுத்துப் புத்தகங்களாக அச்சேறித் திருவிழாக் கடைகளில் விலைபோயின. எழுத்துக் கூட்டிப் படிப்பார் ஒருவர் படிக்க ஊரார் சூழ இருந்து கேட்டனர். சங்கரதாசு சுவாமிகள் (1867–1922) இக்கதைகளை நாடகமாக்கினார். அவர்தம் ‘பவளக்கொடி’ நாடகக் குழுக்கள் பலவற்றுக்கும் கைம்முதலாயிற்று. அல்லியின் மகன் புலந்திரன் பவளத்தேர் வேண்டி அழ, பவளம் கொணரச் சென்ற அருச்சுனன் ஆண்டுப் பவளக்கொடியையும் மணக்கின்றான். அதனை அறிந்த அல்லி சினந்தெழுகின்றாள். கண்ணன் சந்து செய்து வைக்கின்றான். கதை இவ்வளவே.

மேடையில் அல்லிக்கு ஒரு தனியுரிமை இருந்தது. அருச்சுனனோடு அவள் நிகழ்த்தும் தர்க்கமே அது. மதுரை, புதுக்கோட்டை, செட்டிநாட்டுப் பகுதிகளில் கோயில் திருவிழாக்களில் நடைபெறும் ‘ஸ்பெஷல்’ நாடகங்களில் நடிகையார் வினாவுக்கு விடையும் விடைக்கு எதிர்வினாவும் தொடுப்பர். அவையோர் விடியுமளவும் இருந்து கேட்பர். கதை முடிவில் அல்லி தோற்பினும் சொல்லில் அவள் தோற்பதில்லை.

1931இல் தமிழ்ப் பேசும்படம் தோன்றியபோது மேடைக் கதைகளே திரைக் கதைகளாயின. 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘பவளக்கொடி’ வெளிவந்தது. எம். கே. தியாகராச பாகவதர் அருச்சுனனாகவும் எசு. டி. சுப்புலட்சுமி பவளக்கொடியாகவும் நடித்தனர். மேடையிலும் இவ்விருவர் நடிப்பே அந்நாடகத்திற்குப் பெயர் தந்தது. இப்படத்தை எடுக்க முன்வந்தவருள் ஒருவர், பின்னாளில் லேனா செட்டியார் எனப் பெயர்பெற்ற எசு. எம். லெட்சுமணன் செட்டியார். படத்தில் ஏறத்தாழ 50 பாடல்கள் இருந்தன. அடுத்த ஆண்டே, காரைக்குடியிற் பிறந்த ஏ. வி. மெய்யப்பன் தம் முதற் படமாக ‘அல்லி அர்ஜுனா’வைக் கல்கத்தாவில் எடுத்தார் (1935), அது பொருளிழப்பையே தந்தது. பின்னர் 1949இல் பட்சிராசா நிறுவனத்தார் டி. ஆர். மகாலிங்கம், டி. ஆர். இராசகுமாரி ஆகியோரைக் கொண்டு ‘பவளக்கொடி’யை மீண்டும் எடுத்தனர்.

பதினைந்தே ஆண்டுகளில் மூன்று படங்கள். இவற்றுள் இரண்டின் பெயரிலேனும் அல்லி இல்லாமை கருதற்பாலது. விடியுமளவும் நீண்ட தர்க்கத்திற்கு மூன்று மணி நேரப் படத்தில் இடமில்லை. பாடும் நாயகனே திரையின் முதற்பொருளான பின்பு, வினாத் தொடுக்கும் அரசி பின்னிடத்திற்குத் தள்ளப்படுதல் இயல்பேயாம்.

பூனைத் தவசி

அல்லியை அருச்சுனன் வென்றது வீரத்தால் அன்று, வேடத்தால் என்று கண்டோம். வேடத்தைப் பற்றித் தமிழகம் வேறொரு சித்திரமும் வைத்துள்ளது. அது மாமல்லபுரத்தில் உள்ளது.

அருச்சுனன் தபசு எனவும் பகீரதன் தபசு எனவும் இருவேறு பெயரால் வழங்கும் அப்பெரும் பாறைச் சிற்பம் 7ஆம் நூற்றாண்டினது. அதன்கண் உயரே ஒரு தவசி இரு கையும் தூக்கி ஒற்றைக் காலில் நிற்கின்றான். கீழே ஒரு பூனை அவ்வாறே முன்னங்கால்களை மேலே தூக்கி நிற்கின்றது. அதனைச் சுற்றி எலிகள். இக்கதை பாரதத்து உத்தியோக பருவத்தில் வருவது. கங்கைக் கரையில் தவவேடம் பூண்ட பூனையை நம்பிய எலிகள் நாடோறும் ஒன்றிரண்டாகக் குறைந்தன. ஒடுவில் உண்மை உணர்ந்து எஞ்சியவை ஓடிப்போயின. துரியோதனன் உலூகன் வாயிலாகத் தருமனைப் பழித்துச் சொல்லியனுப்பிய கதை இது. சொன்னவன் யாவனாயினும் கேட்பார் உள்ளம் எலிகளின் பக்கமே நிற்கும். சிற்பத்தைக் காண்பாரும் பூனையை நோக்கியே நகைப்பர்.

இந்நகைச்சுவை மிகப் பழைமையானது; மிகப் புதியதுமாம். மேலைநாட்டார் ஊமைப்படக் காலத்திலேயே 1919இல் பெலிக்சு என்னும் பூனையைக் கேலிச்சித்திரப் படத்தில் உலவவிட்டனர். 1940இல் வில்லியம் ஆனா, சோசப்பு பார்பரா இருவரும் ‘டாம் அண்ட் ஜெர்ரி’ வரிசையைத் தொடங்கினர். 1942இல் அதன்கண் ஒரு நாயும் வந்து சேர்ந்தது. எலியைப் பூனை துரத்தும், பூனையை நாய் துரத்தும்; எலியோ நாயின் நிழலில் ஒதுங்கிப் பூனையை வெல்லும். இத்தகைய படங்கள் தமிழ் பேசித் தொலைக்காட்சி வாயிலாக நம் இல்லங்களுக்கும் வந்துவிட்டன; 2007இல் குழந்தைகளுக்கெனவே ‘சுட்டி டி.வி.’ என்னும் தமிழ் அலைவரிசையும் தொடங்கப்பெற்றது. இப்படங்களுக்கெல்லாம் உயிர்நிலையான விதி ஒன்றுண்டு. வலியது செய்யும் சூழ்ச்சி வலியதற்கே தீங்காய் முடியும். மெலியது செய்யும் சூழ்ச்சி வெல்லும். சிறு மகவும் இவ்விதியைக் கல்லாமலே உணர்ந்து எலிக்காகக் கைகொட்டுகின்றது.

தமிழ் மண்ணும் இவ்விதியை அறியாததன்று. முயல் ஒன்று வேட்டை நாய்களை எதிர்த்துத் துரத்திய இடத்தில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை எழுந்தது என்பது செவிவழிக் கதை. இதனையொத்த கதை தென்னாட்டு ஊர்கள் வேறு சிலவற்றிற்கும் உண்டு. மெலியது வலியதை எதிர்த்த இடமே வீரம் விளையும் மண் என்பது இக்கதைகளின் கருத்து.

இவ்விதியை அல்லி கதையொடு பொருத்திக் காண்க. அரண்மனையுள் தன் நெறியில் வாழ்பவள் அல்லி. வேடம் புனைந்து புகுபவன் அருச்சுனன். பூனைக் கதையில் வேடத்தை வெறுக்கும் அவை, அல்லி கதையில் வேடத்தைக் கொண்டாடுகின்றது. எலியின் பக்கம் நின்ற உள்ளம், துயிலும் பெண்ணின் பக்கம் நிற்கவில்லை. இம்மாற்றம் எதனால் நேர்ந்தது? தாலி ஒன்று கதையின் முடிவாக வைக்கப்பட்டமையால் நேர்ந்தது என்பது எம் கருத்து. தாலி ஏறிய பின்னர் அது வந்த வழி யாது என வினவுதல் வழக்கமில்லை. எனவே தனித்து ஆளும் அரசி என்பவள் கதையின் தொடக்கமே ஆவாள், முடிவாகாள். அவளை ஒருவன் அடக்குதலே கதை என்னும் அச்சு உருவாகிவிட்டது.

நாச்சியார் வரலாறு

இவ்வச்சில் வேலுநாச்சியார் வரலாறு அடங்குமா என்று பார்ப்போம்.

இராமநாதபுரம் சேதுபதி மரபில் 1730இல் பிறந்த நாச்சியார், சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதத் தேவரை மணந்தார். 1772 சூன் திங்களில் ஆர்க்காட்டு நவாபின் படையும் கிழக்கிந்தியக் கும்பினிப் படையும் காளையார்கோயிலைத் தாக்கியபோது மன்னர் உயிரிழந்தார். சிவகங்கை நவாபின் ஆட்சிக்குட்பட்டு உசேன்நகர் எனப் பெயர் மாற்றமும் பெற்றது. நாச்சியார் தம் மகள் வெள்ளச்சியோடு திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சியிற் சென்று தங்கினார். பிரதானி தாண்டவராய பிள்ளை ஐதர் அலிக்கு மடல் விடுத்து, 5000 குதிரைவீரரும் 5000 காலாட்களும் வேண்டினார். அம்முயற்சி கைகூடப் பல ஆண்டுகள் ஆயின. 1780இல் ஐதரின் துணையொடும் மருதிருவர் முன்செல்லவும் நாச்சியார் சிவகங்கையை மீட்டார். 1796இல் மறைந்தார்.

இவ்வரலாற்றில் மணம் முதலிலேயே நிகழ்ந்துவிடுகின்றது; அரசு பின்னர் வருகின்றது. அல்லி கதையின் வரிசை ஈண்டுத் தலைகீழாய் நிற்கின்றது. கணவனை இழந்த பெண் எட்டாண்டுகள் காத்திருந்து, படை திரட்டி, நாட்டை மீட்டு ஆள்கின்றார். அவரை அடக்க ஓர் அருச்சுனன் இல்லை. முடிவில் ஏறும் தாலியும் இல்லை. பாடி ஆடும் நாயகனை முதலாக வைத்த திரை, இவ்வரலாற்றைக் கையில் எடுத்து எங்கே வைப்பது என அறியாது திகைத்ததில் வியப்பில்லை.

துணை செய்த ஆடவர் பலர் உளர் என்பதை மறைத்தலும் வரலாற்றுக்கு முறையன்று. ஐதரின் படையின்றியும் மருதிருவரின் வீரமின்றியும் 1780ஆம் ஆண்டு வெற்றி இல்லை. ஆயின் துணை வேறு, தலைமை வேறு. துணைவர் வரலாறு திரையேறியது. தலைவி வரலாறு அவர்க்கு முன்னுரையாய் நின்றது. ‘சிவகங்கைச் சீமை’ மருதிருவர்க்குச் செய்த சிறப்பைக் குறைத்தல் எம் நோக்கமன்று. பெண்ணின் தலைமைக்குக் கிட்டாத இடம் ஆடவர் வீரத்திற்கு எளிதிற் கிட்டியது என்பதையே சுட்டுகின்றோம்.

பிற காரணங்கள்

இதனை மறுப்பார் இரண்டு காரணம் காட்டுதல் கூடும். முதலாவது அரசியல் தடை. 1918ஆம் ஆண்டுத் திரைச்சட்டத்தின் வழியே தணிக்கை நடைமுறைக்கு வந்தது. ‘பவளக்கொடி’யை இயக்கிய கே. சுப்பிரமணியம் 1939இல் வெளியிட்ட ‘தியாகபூமி’ பின்னர்த் தடைசெய்யப்பட்டது. நிலைமை இவ்வாறிருக்கக் கும்பினியை எதிர்த்த அரசியைப் பற்றிப் படம் எடுக்க எவர் துணிவர்? இவ்வினா பொருத்தமானதே. 1947க்கு முற்பட்ட காலத்திற்கு இக்காரணத்தை யாமும் உடன்படுகின்றோம். எனினும் விடுதலைக்குப் பின்னர் 1949இல் மீண்டும் எடுக்கப்பட்டது ‘பவளக்கொடி’யே. தடை நீங்கிய பின்னும் தேர்வு மாறாமையின், தடை ஒன்றே காரணமாதல் இயலாது.

இரண்டாவது காரணம் மூலங்களின் இருப்பு. அல்லி கதை அச்சிலும் மேடையிலும் ஆயத்தமாய் இருந்தது. நாச்சியார் வரலாறு அவ்வாறில்லை என்பர். இதில் உண்மை மிகுதி. ஆனால் மூலமே இல்லை என்றல் தவறு. ‘சிவகங்கைச் சரித்திரக் கும்மி’, ‘சிவகங்கைச் சரித்திர அம்மானை’ என இரு நூல்கள் சுவடியில் இருந்தன. அல்லியரசாணி மாலை எளிய மக்கள் செவிக்கேற்ற ஓசையிற் பாடப்பட்டது போன்றே இவையும் பாடப்பட்டன. ஒன்று பெரிய எழுத்தில் அச்சாகி ஊர்தோறும் சென்றது. மற்றையவை நாடு விடுதலை பெற்ற பின்னரே அச்சு வடிவம் கண்டன. எது அச்சேறத் தக்கது எனத் தேர்ந்தவர் விருப்பமும், எது விலைபோகும் என்னும் வணிகக் கணக்கும், எதனை அரசு பொறுக்கும் என்னும் அச்சமும் ஒருங்கு சேர்ந்தே இந்நிலையை உண்டாக்கின. ஆகவே மூலமின்மை என்பது காரணமன்று, அதுவே விளைவு.

இன்று நிலைமை மாறியுள்ளது. பேராசிரியர் கே. இராசய்யன் 1971இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றிய நூலும், டாக்டர் எசு. எம். கமால் சிவகங்கைச் சீமை பற்றி எழுதிய நூலும் ஆவணச் சான்றுகளை ஆய்வார்க்கு எளிதாக்கியுள்ளன. 2008இல் நடுவணரசு நாச்சியார் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டது. மேடையும் பாடநூலும் அவர் பெயரை ஏற்றுக்கொண்டன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. அல்லி கதை பாண்டிநாட்டுப் பெண் ஆட்சி பற்றிய பழைய நினைவொன்றைத் தாங்கி நிற்பது. அது மேடை வழியாகத் திரைக்கு வந்தபோது அரசியின் குரல் சுருங்கி, அவளை வெல்லும் நாயகனின் பாட்டுப் பெருகிற்று. அக்கதையின் அச்சு நிலைபெற்றமையால், வெல்லப்படாத அரசியின் உண்மை வரலாறு தான் நிகழ்ந்த மண்ணில் எழுந்த திரைத்தொழிலிலும் இடம்பெறத் தாழ்த்தது.

இனி நாச்சியாரைப் பற்றி எழுதுவார்க்கும் படம் எடுப்பார்க்கும் இரு இடர்கள் உள. ஒன்று அவரையும் அல்லியின் அச்சில் வார்த்தல். வரலாற்றில் இல்லாத காதலும் மீட்போனும் கதைக்கென்று படைத்தல். மற்றொன்று அவரைத் தெய்வமாக்கி விடுதல். தெய்வத்திற்கு ஐயமில்லை, காத்திருத்தல் இல்லை, தோல்வி இல்லை. விருப்பாட்சியில் கழிந்த ஆண்டுகளை எண்ணாமல் 1780ஆம் ஆண்டு வெற்றியை மட்டும் போற்றுவார் நாச்சியாரின் பெருமையிற் பாதியை இழப்பர். குயிலி முதலியோரைப் பற்றி வாய்மொழி கூறுவனவற்றையும் ஆவணம் கூறுவனவற்றையும் வேறு வேறாக நிறுத்தி, இரண்டிற்கும் உரிய மதிப்பை அளித்தல் ஆய்வாளர் கடன்.

இக்கடன் முதற்கண் தமிழ்த்துறைகளைச் சாரும். கும்மியும் அம்மானையும் இலக்கியம் என்று ஒருபால் ஒதுக்கவும், கும்பினிக் கடிதங்கள் வரலாறு என்று மற்றொருபால் ஒதுக்கவும் நாம் பழகிவிட்டோம். இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துப் பயிலும் மாணாக்கர் பெருகுதல் வேண்டும். அல்லியின் தர்க்கப் பாடல்களைப் பாடும் முதிய நாடகக் கலைஞர் இன்னும் நம்மிடையே உளர். அப்பாடல்களை அவர் பாடக் கேட்டுப் பதிவு செய்தலும் உடனே செய்யவேண்டுவது. திரை அவளிடமிருந்து பறித்த சொற்கள் ஆண்டேனும் எஞ்சியுள்ளன.

எலியின் பக்கம் நிற்க நம் குழந்தைகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. துயிலும் அல்லியின் பக்கமும், துயிலாதிருந்த நாச்சியாரின் பக்கமும் நிற்கக் கற்பித்தலே நம் பணி.